திருகோணமலையிலிருந்து எஸ்.ஏ.டி. எழுதப் போகிறீர்களா? பாஸ்போர்ட்டிலிருந்து தொடங்குங்கள்

உயர்தரம் படித்துக்கொண்டே அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பிக்கலாமா என்று யோசிக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அங்கே சேருவதற்கான பரீட்சைதான் எஸ்.ஏ.டி. (SAT). நான் அதை இரண்டு தடவை எழுதினேன். முதல் தடவை பட்ட பாட்டில் பாதிக்கு மேல் கேள்விகளால் வந்ததில்லை. பெயர், வங்கி அட்டை, பஸ், சார்ஜர் என்று வந்தது. யாராவது முன்கூட்டியே வரிசைப்படுத்திச் சொல்லியிருந்தால் ஒரு தடவையோடு முடித்திருப்பேன்.

எல்லோரும் தடித்த பயிற்சிப் புத்தகம் வாங்குவதில் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான். கீழே உள்ள வரிசை வேறு. அதை மாற்றாமல் போனால் நல்லது.

1. இது உங்களுக்குத் தேவைதானா?

இலங்கைப் பல்கலைக்கழகத்துக்கு உயர்தரத்தில் எடுக்கும் இசட் புள்ளிதான் கணக்கு. எஸ்.ஏ.டி.யில் முழுப் புள்ளி எடுத்தாலும் எங்கள் ஊர்க் கோணேசபுரி வளாகத்துக்குக்கூட அதைக் காட்டி உள்ளே போக முடியாது. இது அமெரிக்காவுக்கான பரீட்சை.

அங்கேயும் எல்லா இடமும் கேட்பதில்லை. கலிஃபோர்னியா அரச பல்கலைக்கழகத் தொகுதி எஸ்.ஏ.டி. புள்ளியைப் பார்ப்பதே இல்லை. பல இடங்களில் விரும்பினால் அனுப்பலாம். எம்.ஐ.டி. 2022இல் மறுபடி கட்டாயமாக்கியது, அதன்பின் ஹார்வர்ட், டார்ட்மத் போன்றவையும் கட்டாயமாக்கின. நீங்கள் நினைத்திருக்கும் ஐந்தாறு இடங்களின் தளங்களைத் திறந்து, ஒரு கொப்பியில் 'கட்டாயம்', 'விருப்பம்', 'பார்க்கமாட்டார்கள்' என்று மூன்று பத்தி போடுங்கள். ஒரு மாலை வேலை. கட்டாயம் என்ற பத்தி வெறுமையாக இருந்து, ஆங்கிலமும் தடுமாற்றம் என்றால் இந்தக் காசை மிச்சம் பிடிக்கலாம்.

கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் வேண்டுமென்றால் கொழும்பில் ஃபுல்பிரைட் ஆணைக்குழு இருக்கிறது. அமெரிக்க உயர்கல்வி பற்றி மாணவர்களுக்கு ஆலோசனை சொல்வது அவர்களுடைய வேலைகளில் ஒன்று. நேரில் போக முன் மின்னஞ்சல் போட்டுப் பாருங்கள். இடையில் 'நாங்கள் எல்லாம் செய்து தருகிறோம்' என்று வரும் முகவர்களுக்கு முற்பணம் கட்டாதீர்கள். கீழே உள்ள ஒவ்வொரு வேலையையும் ஒரு பதினேழு வயதுப் பிள்ளை தானே செய்யலாம்.

2. பாஸ்போர்ட்

அடையாள அட்டை போதுமா, பாஸ்போர்ட் வேண்டுமா என்று ஆராய்ந்து நேரத்தைக் கழிக்க வேண்டாம். எடுத்துவிடுங்கள். பரீட்சை மண்டபத்தில் அதைக் காட்டினால் மறுபேச்சு வராது. பிறகு விசாவுக்கும் அதுதான்.

முதல் தடவை எடுப்பவருக்கு வேண்டியவை: கே 35 ஏ விண்ணப்பப் படிவம், பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் அங்கீகரித்த ஸ்ரூடியோவில் எடுத்த படத்துக்கான பற்றுச்சீட்டு. வழக்கமான ஸ்ரூடியோவில் பிரதி எடுத்துக்கொண்டு போனால் எடுக்கமாட்டார்கள். படத்தை ஸ்ரூடியோக்காரர் ஒன்லைனில் திணைக்களத்துக்கு அனுப்ப வேண்டும், உங்கள் கையில் வருவது துண்டு மட்டும்தான். அந்தத் துண்டைத் தொலைக்காதீர்கள்.

தலைமை அலுவலகம் உள்ள பத்தரமுல்லைக்குத்தான் போக வேண்டும் என்று நினைத்து நான் ஒரு நாளையும் இரண்டு இரவுப் பயணத்தையும் செலவழித்தேன். வவுனியாவில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, எங்களுக்கு அது கிட்ட. 2023இலிருந்து சில பிரதேச செயலகங்களிலேயே கைரேகை கொடுத்து விண்ணப்பிக்கவும் வழி செய்திருக்கிறார்கள். உங்கள் செயலகம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். பதினாறு வயதுக்கு மேற்பட்டவர் என்ற கணக்கில் நான் எடுத்தபோது சாதாரண சேவைக்கு 10,000 ரூபா, ஒருநாள் சேவைக்கு 20,000 ரூபா.

நேரம்? சாதாரண சேவையில் வாரக்கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024இல் வெற்றுப் புத்தகத்துக்கே தட்டுப்பாடு வந்து ஆட்கள் இரவிரவாக வரிசையில் நின்றது நினைவிருக்கும். அதனால் பரீட்சைக்கு ஆறு மாதத்துக்கு முதலே இதை முடித்துவிடுங்கள்.

3. பெயர்

இதற்குத் தனியாக ஓர் இலக்கம் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பாவின் பெயர் முன்னால், எங்கள் பெயர் பின்னால். பாடசாலையில் அப்பாவின் பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கிவிடும். பாஸ்போர்ட்டிலோ அது குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் முழுதாக வந்து உட்காரும்.

எஸ்.ஏ.டி.யை நடத்தும் கொலேஜ் போர்ட்டின் தளத்தில் கணக்குத் திறக்கும்போது முதற் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். நான் பாடசாலைப் பழக்கத்தில் என் பெயரை முதலாவதிலும், அப்பாவின் முதலெழுத்தை மட்டும் மற்றதிலும் போட்டேன். அதோடு விடவில்லை. பிறந்த திகதியை நாங்கள் எழுதுவதுபோல நாள், மாதம் என்று போட்டேன். அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள். அப்படியாக மே மாதம் நாலாம் திகதி பிறந்த நான் ஏப்ரல் ஐந்தில் பிறந்தவனானேன்.

இந்த இரண்டையும் நீங்களே உள்ளே போய்த் திருத்த முடியாது. வாடிக்கையாளர் சேவைக்கு எழுதி, பாஸ்போர்ட் பிரதி அனுப்பி, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது நான் அதைச் செய்துகொண்டிருந்தேன். அந்த நாட்களில் ஒரு கணக்குக்கூட மூளையில் ஏறவில்லை.

ஆகவே பாஸ்போர்ட் கையில் வந்த பிறகு மட்டும் கணக்குத் திறவுங்கள். பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் விரித்து வைத்து எழுத்துக்கு எழுத்துப் பாருங்கள். சாதாரண தரச் சான்றிதழில் உங்கள் பெயருக்குள் ஓர் 'எச்' இருக்கும், பாஸ்போர்ட்டில் இருக்காது. இது எங்களில் பாதிப் பேருக்கு உள்ள வியாதி. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போதே சான்றிதழில் உள்ள எழுத்துக் கூட்டலைக் கொடுத்தால் பிறகு சத்தியக் கடதாசி, விளக்கக் கடிதம் என்று அலைய வேண்டிவராது.

4. எந்த மாதம்?

வருடத்தில் ஓகஸ்ட்டிலிருந்து டிசம்பர் வரையும், பிறகு மார்ச், மே, ஜூன் மாதங்களிலும் பரீட்சை நடக்கிறது. எங்கள் ஊருக்கு நவம்பரும் டிசம்பரும் சரிவராது. ஒன்று, அண்மைய வருடங்களில் உயர்தரம் அந்தப் பக்கம்தான் வந்தது. மற்றது மழை. 2024, 2025 இரண்டு வருடமும் நவம்பர் கடைசியில் வெள்ளத்தால் உயர்தரப் பரீட்சையே இடையில் நின்றது. 2025இல் டித்வா புயலோடு வீதியும் தண்டவாளமும் போன போக்கை நீங்களே பார்த்தீர்கள். அந்த வாரத்தில் கொழும்பில் ஒரு சனிக்கிழமை காலைக்கு உத்தரவாதம் கொடுக்க யாராலும் முடியாது.

என் கணக்கில் நல்லது, உயர்தர முதலாம் வருடத்து மார்ச் அல்லது மே. சரிவராவிட்டால் ஓகஸ்டில் இன்னொரு தடவை. அமெரிக்க விண்ணப்பங்கள் நவம்பரிலும் ஜனவரியிலும் முடியும் என்பதால் ஓகஸ்ட் புள்ளி நேரத்துக்கு வந்துவிடும்.

5. பதிவும் பணமும்

திருகோணமலையில் பரீட்சை நிலையம் இல்லை. தளத்தில் நாட்டைக் கொடுத்துத் தேடினால் கொழும்புப் பக்கத்து நிலையங்கள் வரும். ஆசனங்கள் நிரம்பிவிடும் என்பதால் இரண்டு மூன்று மாதத்துக்கு முதலே பதிவு செய்யுங்கள். முகம் தெளிவாகத் தெரியும் படம் ஒன்று ஏற்ற வேண்டும். இடையில் நிறையக் கேள்வி கேட்பார்கள், பலவற்றைத் தாண்டிப் போகலாம்.

நான் கட்டியது 111 டொலர்: பரீட்சைக்கு 68, அமெரிக்காவுக்கு வெளியே எழுதுவதற்கு 43. டொலர் 300 ரூபா என்று வைத்தால் 33,300 ரூபா. பிந்திப் பதிந்தாலும் மாற்றினாலும் மேலதிகக் கட்டணம் உண்டு. கட்டண விலக்கு அமெரிக்காவிலுள்ள மாணவர்களுக்கும் வெளிநாட்டில் வாழும் அமெரிக்கப் பிரஜைகளுக்கும்தான். எங்களுக்குக் கிடைக்காது, அதற்கு எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அட்டை விஷயத்தில் கவனம். அப்பாவின் டெபிட் அட்டை கீல்ஸில் வேலை செய்கிறது என்பதற்காக டொலரில் ஒன்லைன் கட்டணம் போகும் என்று இல்லை. வெளிநாட்டு ஒன்லைன் கொடுப்பனவைத் திறந்துவிடச் சொல்லி வங்கியில் கேட்க வேண்டும். பணம் கட்டும்போது வங்கி அனுப்பும் கடவு எண் வரும் போன் இலக்கம் யாரிடம் இருக்கிறது என்றும் பாருங்கள். எங்கள் வீட்டில் அது அம்மாவின் பழைய சிம்மில் இருந்தது. மூன்று தடவை பணம் போகாமல் நின்றபின்தான் கண்டுபிடித்தோம்.

கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் சித்தப்பா கட்டித் தருவார் என்றால் நல்லது, ஆனால் அட்டை இலக்கத்தை மட்டும் அவர் போடட்டும். கணக்கை அவர் திறந்தால் நாடு, முகவரி, போன் எல்லாம் அங்கத்தையதாகப் போய்விடும்.

6. கணினி

பரீட்சை முழுக்கக் கணினியில். புளூபுக் என்ற செயலியை விண்டோஸ் அல்லது மக் மடிக்கணினியிலோ ஐபேட்டிலோ இறக்க வேண்டும். போனில் முடியாது. கணினியை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். சொந்தமாக இல்லாவிட்டால் இரவல் வாங்குங்கள், ஆனால் அதிலேயே குறைந்தது இரண்டு முழுப் பயிற்சிப் பரீட்சை எழுதிப் பாருங்கள். மச்சானின் கணினியில் ஓர் எழுத்து அழுந்தாது என்பது பரீட்சைக்கு முன்தினம் தெரிய வேண்டிய விஷயமில்லை.

தொடங்கும்போதும் விடைகளை அனுப்பும்போதும்தான் இணையம் வேண்டும். நடுவில் அறுந்தாலும் பரீட்சை ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே அதற்குப் பயப்பட வேண்டாம். பற்றரிக்குப் பயப்படுங்கள்.

7. படிப்பு

மொத்தம் 2 மணி 14 நிமிடம். முதலில் ஆங்கில வாசிப்பும் எழுத்தும்: 32 நிமிடம் வீதம் இரண்டு பகுதி, ஒவ்வொன்றிலும் 27 கேள்வி. பத்து நிமிட இடைவேளை. பிறகு கணிதம்: 35 நிமிடம் வீதம் இரண்டு பகுதி, ஒவ்வொன்றிலும் 22 கேள்வி. முதற் பகுதியை நீங்கள் செய்த விதத்தைப் பார்த்து இரண்டாம் பகுதி கடினமாகவோ இலகுவாகவோ வரும். இலகுவானது வந்தால் எடுக்கக்கூடிய உச்சப் புள்ளியும் குறையும். முதற் பகுதியில் அவசரப்பட வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். 400க்கும் 1600க்கும் இடையில் புள்ளி. பிழைக்குக் கழிப்பதில்லை, ஒன்றையும் வெறுமையாக விடாதீர்கள்.

கணிதத்தில் எங்களுக்குள்ள பிரச்சினை கணிதம் இல்லை, அதன் சொற்கள். தமிழ் மொழி மூலம் படித்த எனக்குப் படித்திறன் தெரியும். ஆங்கிலத்தில் அதைக் 'கிரேடியன்ட்' என்று ஒரு சேர் சொல்லித் தந்ததும் தெரியும். அமெரிக்கர்கள் அதை 'ஸ்லோப்' என்கிறார்கள். முதற் பயிற்சியில் இந்த ஒரு சொல்லால் நாலு கேள்வி போனது. இடையம் 'மீடியன்', ஆகாரம் 'மோட்', வெட்டுத்துண்டு 'இன்டர்செப்ட்', ஆரை 'ரேடியஸ்' என்று ஒரு பட்டியல் எழுதிப் படிக்கும் மேசைக்கு மேலே ஒட்டுங்கள். நாற்பது ஐம்பது சொல்தான், ஒரு வாரத்தில் வந்துவிடும்.

அடுத்தது பழக்கம். படிமுறைக்குப் புள்ளி என்று சிறு வயதிலிருந்தே பழகிவிட்டோம். இங்கே படிமுறையை யாரும் பார்ப்பதில்லை. ஒரு கேள்விக்குக் கிட்டத்தட்ட 95 வினாடி. மூன்று வடையும் இரண்டு தேநீரும் 310 ரூபா, ஒரு வடையும் ஒரு தேநீரும் 130 ரூபா என்றால், நாங்கள் ஒருங்கமை சமன்பாடு எழுதி, பெருக்கி, கழித்து, வடை 50, தேநீர் 80 என்று அடிக்கோடு போடுவோம். செயலிக்குள்ளேயே டெஸ்மொஸ் என்ற வரைபுக் கணிப்பான் இருக்கிறது. இரண்டு சமன்பாட்டையும் அப்படியே தட்டினால் இரண்டு கோடும் வெட்டும் புள்ளியில் விடை தெரியும். கணிப்பானே தொடாமல் பௌதிகம் எழுதும் எங்களுக்கு அதைப் பாவிப்பது ஏமாற்று வேலைபோல இருக்கும். கூச்சத்தை விடுங்கள், தந்திருப்பதே பாவிக்கத்தான்.

இன்னொன்று, கேள்வியின் கடைசி வரி. தேநீர் வடையைவிட எவ்வளவு கூட என்றுதான் கேட்டிருப்பார்கள். விடை 30. ஆனால் 50உம் 80உம் தெரிவுகளில் உங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்.

நுண்கணிதம் வராது. இணைந்த கணிதம் படிப்பவர்கள் அதிகம் பயப்பட ஒன்றுமில்லை, கவனயீனம்தான் எதிரி. கலை, வர்த்தகம், உயிரியல் பிள்ளைகள் சாதாரண தரக் கணிதத்தைத் தூசுதட்டி, இருபடிச் சார்புகளில் கொஞ்சம் நின்றால் போதும்.

ஆங்கிலம் வேறு கதை. சாதாரண தரத்தில் 'ஏ' எடுத்திருந்தேன். முதற் பயிற்சியில் அந்தப் பகுதியில் 800க்கு 510 வந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சிறு பந்தி, அதிகம் போனால் 150 சொல். ஆனால் ஒரு கேள்விக்கு 71 வினாடிதான். பாடப்புத்தக ஆங்கிலம் அந்த வேகத்துக்கு ஓடாது.

நான் கண்ட வழி: இலக்கணக் கேள்விகளில் தொடங்குங்கள். அவை கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு, விதிகள் குறைவு, ஒரு மாதத்தில் பிடிபடும். அதிலும் நிறுத்தக்குறி. தமிழில் எச்சத்தைப் போட்டுப் போட்டு வசனத்தைத் தம்பலகாமம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போகலாம். ஆங்கிலத்தில் இரண்டு முழு வசனத்தை வெறும் காற்புள்ளியால் ஒட்டினால் பிழை. அரைப்புள்ளியோ முற்றுப்புள்ளியோ இணைப்புச் சொல்லோ வேண்டும். இந்த ஒரு விதியை மட்டும் வைத்தே ஒவ்வொரு தடவையும் சில கேள்வி வரும்.

வாசிப்புக்குக் குறுக்குவழி தெரியவில்லை. ஆறு மாதம், ஒரு நாளைக்கு அரை மணி, ஆங்கிலப் பத்திரிகையின் ஆசிரியத் தலையங்கமோ ஓர் அறிவியல் கட்டுரையோ. ஒரு பந்தி வாசித்து மூடிவிட்டு, அது என்ன சொன்னது என்று தமிழில் ஒரே வசனத்தில் சொல்லிப் பாருங்கள். சொல்ல வராவிட்டால் விளங்கவில்லை. எனக்கு இரண்டாம் தடவை கூடிய புள்ளியில் பெரும்பங்கு இதனால் வந்தது.

புத்தகத்துக்குக் காசு தேவையில்லை. புளூபுக்கில் முழுப் பயிற்சிப் பரீட்சைகளும், கான் அகடமி இணையத்தளத்தில் பாடங்களும், கொலேஜ் போர்ட்டின் கேள்வி வங்கியும் இலவசம். புளூபுக் பரீட்சைகள் ஒரு சிலதான், அவற்றை முதல் வாரத்திலேயே எழுதித் தீர்த்துவிடாதீர்கள். ஆரம்பத்தில் ஒன்று, பிறகு மூன்று வாரத்துக்கு ஒன்று, காலை எட்டு மணிக்கு, போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு. எழுதிய நேரத்தைப்போல இரண்டு மடங்கு நேரம் பிழைகளோடு இருங்கள்.

1400க்கு மேல்தான் மதிப்பு என்று கேள்விப்பட்டு மனம் விட வேண்டாம். அமெரிக்காவில் 2024இல் பாடசாலை முடித்தவர்களில் எஸ்.ஏ.டி. எழுதியவர்களின் சராசரியே 1024. நீங்கள் விண்ணப்பிக்கும் இடத்தில் சேர்ந்தவர்களில் நடுப் பாதிப் பேர் எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளி வரை எடுத்தார்கள் என்று பாருங்கள், அதுதான் உங்கள் இலக்கு.

8. கொழும்புக்குப் போவது

முதல் தடவை நான் வெள்ளிக்கிழமை இரவு 49ஆம் இலக்க பஸ் ஏறினேன். கந்தளாய் தாண்டும்வரை விழித்திருந்து படிக்கலாம் என்று திட்டம். ஹபரணையில் தேநீர், குருநாகலில் ஒரு நெரிசல், கழுத்து வலி. விடிய ஐந்து மணிக்குக் கோட்டையில் இறங்கி, பொதுக் கழிப்பறையில் முகம் கழுவி, மூன்று மணித்தியாலத்தில் பரீட்சை. கணினியில் 41 வீதம் சார்ஜ். வாசிப்புப் பகுதியில் ஒரே வரியை நாலு தடவை வாசித்தது நினைவிருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலையே புறப்படுங்கள். வெள்ளவத்தையில் சொந்தக்காரர் யாராவது இருப்பார்கள். இல்லாவிட்டால் அங்கே அறை எடுங்கள், கூட ஒரு பெரியவர் வந்தால் நல்லது. போக்குவரத்து, ஓர் இரவுத் தங்கல், சாப்பாடு, ஓட்டோ எல்லாவற்றுக்கும் தனியாகக் காசு ஒதுக்குங்கள், பரீட்சைக் கட்டணத்தோடு கலக்க வேண்டாம். ரயிலில் போவதென்றால் அது ஓடுகிறதா, ஆசனம் இருக்கிறதா என்று முதல் வாரமே பாருங்கள். மாலையில் நிலையத்தின் வாசல்வரை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ஒரே பெயரில் இரண்டு கிளை உள்ள பாடசாலைகள் கொழும்பில் உண்டு.

9. அந்தக் காலை

பரீட்சைக்கு ஐந்து நாளுக்குள் புளூபுக்கைத் திறந்து ஆயத்த வேலையை முடித்தால் அனுமதிச் சீட்டு வரும். ஊரிலேயே அச்செடுங்கள். வழக்கமாக 7.45க்குக் கதவு திறந்து 8 மணிக்குப் பூட்டுவார்கள். உங்கள் சீட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுவே கணக்கு. பிந்தியவருக்கு உள்ளே இடமில்லை, காசும் திரும்பாது.

பையில்: பாஸ்போர்ட், சீட்டு, முழுச் சார்ஜோடு கணினி, சார்ஜர், பேனை, தண்ணீர், இடைவேளைக்கு ஏதாவது சாப்பாடு. கூடவே ஒரு பிளக் மாற்றி. என் சார்ஜர் உருண்டைப் பின், அந்த மண்டபத்துச் சுவரில் இருந்ததெல்லாம் சதுரத் துளை. பக்கத்து மேசைப் பிள்ளை இடைவேளையில் தன்னுடையதைக் கழற்றித் தந்ததால் நான் கணிதப் பகுதியை முடித்தேன். முந்நூறு ரூபாச் சாமான், எங்கள் ஊர்க் கடைகளிலேயே கிடைக்கும்.

போனை நிறுத்தி ஒப்படைக்கச் சொல்வார்கள். ஸ்மார்ட் கைக்கடிகாரமும் கூடாது. கிறுக்கத் தாள் அவர்களே தருவார்கள்.

10. புள்ளி வந்தபின்

இரண்டு மூன்று வாரத்தில் கணக்கில் புள்ளி விழும். பதிவு செய்ததிலிருந்து பரீட்சைக்குப் பின் ஒன்பதாம் நாள் வரை நாலு இடங்களுக்கு இலவசமாக அனுப்பலாம். அதன்பின் ஒவ்வொன்றுக்கும் டொலரில் கட்ட வேண்டும். புள்ளியைப் பார்த்துவிட்டு அனுப்புவோம் என்று காத்திருந்தால் இலவசம் போய்விடும், அதுதான் அந்த ஏற்பாட்டின் தந்திரம். ஆனால் பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பிக்கும்போது நீங்களே எழுதிக் கொடுக்கும் புள்ளியை ஏற்றுக்கொள்கின்றன, இடம் கிடைத்த பிறகுதான் அதிகாரபூர்வமாகக் கேட்கும். முதல் இலக்கத்தில் சொன்ன கொப்பியில் நாலாவது பத்தி ஒன்று போட்டு, எந்த இடம் அப்படி என்று குறித்துவைத்தால் ஐந்தாறு கட்டணமாவது மிஞ்சும். எனக்கு இரண்டாம் தடவைப் பஸ் செலவு அதில் வந்தது.